லண்டன் சிற்பி செய்த கட்டில்

டோர்செட் பார்க் தமிழர் அத்தனை பேரின் களைப்பையும் ஒன்றாகச் சேர்த்தாலும், லண்டன் சிற்பி ஒரு மனிதருக்குத் தரக்கூடிய களைப்புக்குக் கிட்ட வராது.

லண்டனில் பெரிய மண்டபங்களில் சிலை வைத்தவராம். அங்கே மவுசு குறைந்ததும் தங்கையோடு இருக்கக் கடல் தாண்டி, டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வந்தார். வந்த வாரமே களிமண் மூட்டைகளை ஏற்றி லிஃப்டைப் பழுதாக்கினார். பதினோராம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறிய என்னிடம், "நல்ல எக்ஸர்சைஸ்தானே ஐசே" என்றார். அவர் இருந்தது இரண்டாம் மாடியில்.

ஒருநாள் பிஸ்கட் ஃபக்டரி ஷிஃப்ட் முடிந்து வந்த என்னைப் படியிலேயே மறித்தார். "அப்பிடியே உள்ளை வாரும். முகத்தைக் கழுவிப்போடாதையும்."

உள்ளே கட்டில் அளவுக்கு ஈரக் களிமண்.

"உதிலை படும்."

"அண்ணை, நான் இன்னும் குளிக்கேல்லை."

"குளிச்சா களைப்புப் போயிடும். எனக்கு அதுதான் வேணும்."

படுத்தேன். தூங்கியே விட்டேன். எழும்பியபோது என் முதுகு அளவில் ஒரு பள்ளம். அந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்கு அதுதான் வேலை. "பள்ளம் ஆழம் காணாது, ஓவர்ரைம் செய்துபோட்டு வாரும்" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

கடைசியில் அதைப் பிளாஸ்டரில் வார்த்து, கட்டடத்துப் பார்ட்டி றூமில் வைத்தார். டவுன்டவுன் ஆர்ட் கலரி ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி பார்க்க வருவதாக ஏற்பாடு. "உந்த அம்மாவும் வேண்டாமெண்டால் இனி என்னை ஒருத்தரும் கூப்பிட மாட்டினம் ஐசே" என்றார்.

அன்று பனி கொட்டியது. சிற்பி கீழே வாசலில் பெண்மணிக்குக் காத்து நிற்க, அக்கம்பக்கத்தார் முந்தி வந்துவிட்டார்கள். நம்மவர் விருந்துக்குப் போனால் கழற்றிய குளிர் ஜக்கெற்றுகளை எங்கே போடுவோம்? கட்டிலில். இங்கேயும் ஒரு கட்டில் இருந்தது.

"நல்ல வசதி செய்திருக்கிறார்" என்று செல்வி அன்ரி தொடக்கிவைத்தார். சற்று நேரத்தில் அது ஜக்கெற் மலையாகிவிட்டது. உச்சியில் யாரோ ஒரு கைக்குழந்தையையும் கிடத்திவிட்டார்கள்.

கலரிப் பெண்மணி வந்தார். மலையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கண் கலங்கிவிட்டது. குடிவந்தவர்களின் வாழ்க்கையே இதில் இருக்கிறது, இப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்றார் ஆங்கிலத்தில்.

"அண்ணை, ஓமெண்டு சொல்லுங்கோ" என்று அவருடைய முழங்கையில் இடித்தேன்.

சிற்பி மன்னிப்புக் கேட்டார். மேலே கிடப்பது விருந்தாளிகளின் ஜக்கெற், என் வேலை அடியில் இருக்கிறது என்றார். "அன்ரி, பிள்ளையைத் தூக்குங்கோ" என்று சொல்லிவிட்டு, ஜக்கெற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்களிடம் கொடுக்கத் தொடங்கினார். கட்டில் வெளியே தெரிந்தது. பெண்மணி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம். "விசரே அண்ணை உங்களுக்கு?"

"உம்மடை முதுகை மூடிப்போட்டு விக்கவோ சொல்லுறீர்?" என்று கேட்டுவிட்டுக் கதிரைகளை அடுக்கப் போனார்.

பின்னர் அவர் லண்டனுக்கே திரும்பிவிட்டார். விட்டுப்போன கட்டில் என் வீட்டு ஹோலில், நடக்க இடமில்லாமல் கிடக்கிறது. விருந்தாளி யாராவது ஜக்கெற்றோடு அதன் பக்கம் போனால் பாய்ந்து மறிக்கிறேன். இந்த நாட்டில் என் களைப்பை அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான்.