ஆரஞ்சு எண்ணெயில் கரைந்த மாப்பிள்ளை

நல்ல வாசனை யாருக்கும் கெடுதல் செய்யாது என்று நினைப்பவர்கள் தயவுசெய்து என்னிடம் வரவும். ஒரு மாப்பிள்ளையையே கரைத்தவள் நான்.

அப்போது எனக்கு வாசனை எண்ணெய் வைத்தியத்தில் புதுப் பைத்தியம். செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, தலைவலியா, தூக்கமில்லையா, மாமியாரா, எல்லாவற்றுக்கும் ஒரு சொட்டு என்று திரிந்தேன். (தலையணையில் ஆரஞ்சு மணம் தாங்காமல் என் வீட்டுக்காரர் ஹாலில் படுத்த கதை தனி.)

அந்தச் சமயத்தில்தான் தங்கை கிரேஸுக்கு நிச்சயதார்த்தம். முந்தின சம்பந்தம் ஒன்று கடைசி நேரத்தில் முறிந்து, அழுது அழுது பாதியாகியிருந்தாள். இந்த மாப்பிள்ளை சாமுவேல் தங்கம். அவர் அம்மாதான் எதற்கெடுத்தாலும் சகுனம் பார்க்கிறவர். (வேதக்காரர்கள் சகுனம் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் பிரசங்கத்தோடு சரி.)

பாளையங்கோட்டையில் சின்ன மண்டபம். மேடையில் வலைத்திரை, அதில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய எழுத்துகள்: 'சாமுவேல் – கிரேஸ்'. கிரேஸ் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏக்கா, இதுவும் நின்னுட்டுன்னா நான் எங்க போவேன்?"

"அக்கா இருக்கேம்லா, பயப்படாத."

ஆரஞ்சுத் தோல் எண்ணெய் படபடப்பைத் தணிக்கும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். வெந்நீரில் நாலு சொட்டு விட்டு வைத்தால் போதுமாம். எனக்குப் போதாது. மண்டபமே மணக்க வேண்டும். திரைக்குப் பின்னால் போய், கடைசி எழுத்திலிருந்து பஞ்சால் முக்கி முக்கிப் பூசிக்கொண்டே வந்தேன். முதல் எழுத்துக்கு வரும்போது பாட்டில் காலி. வாசலில் மாப்பிள்ளை வீட்டு வேன் சத்தம் கேட்டது. பன்னீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஆரஞ்சு எண்ணெய் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் நான் அந்த இடத்தை ஓட்டிவிட்டுத்தான் பார்த்திருப்பேன்.)

உள்ளே நுழைந்த மாப்பிள்ளையின் அம்மா மேடையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கிரேஸ் இல்லை. முவேல் இல்லை. அவையெல்லாம் கூழாக வழிந்துகொண்டிருந்தன. பளிச்சென்று மிஞ்சியிருந்தது ஒரே எழுத்து: 'சா'.

"எம் புள்ளயச் சாகச் சொல்லுதியளா?"

கிரேஸின் முகம் வெளுத்துவிட்டது. நான்தான் என்று சொல்லவும் வேண்டியிருக்கவில்லை, என் கையிலிருந்துதான் அந்த மணம் குப்பென்று அடித்தது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். சீ, அந்த எழுத்துகளோடு நானும் கரைந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

சாமுவேல் விறுவிறுவென்று மேடையேறினார். 'சா'வைப் பிடுங்கி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"எம்மா, ஒங்க புள்ள உயிரோடதான் இருக்கேன். பசிக்கு. ஐயர ஜெபத்த ஆரம்பிக்கச் சொல்லுங்க." (எங்கள் பக்கம் பாதிரியாரும் ஐயர்தான்.)

கிரேஸ் சிரித்துவிட்டாள். படபடப்பு போயே போய்விட்டது. எண்ணெயால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், அப்பா மறுபடியும் பார்த்தார்.

இன்றும் சாமுவேல் பிறந்தநாளுக்குப் பெயர் எழுதிய கேக்தான் வரும். முதல் துண்டை நான் வெட்ட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். கத்தியை நீட்டி, அவர் அம்மா காதிலும் விழும்படி சொல்வார்:

"மதினி, இந்தத் தடவயாவது 'சா'வுல இருந்து ஆரம்பிங்க."