நிற்க, வண்டி நிற்கிறது

வாங்கலாமா வேண்டாமான்னு நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு மூக்கி, மத்ததை நான் பாத்துக்கறேன். அட, எடுத்த எடுப்புலயே விஷயத்துக்குப் போயிட்டேன் பாரு. கடிதம்னா ஒரு முறை இருக்குல்ல, எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் தலையில குட்டிச் சொல்லிக் குடுத்தது. சரி, முறைப்படியே ஆரம்பிக்கிறேன்.

அன்புக்கும் பாசத்துக்கும் உரிய என் அக்காள் மகள் மூக்கிக்கு, உன் சித்தி ஆசையோடு எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன். உன் சித்தப்பாவும், கண்ணைத் தவிர, சுகமாக இருக்கிறார். உன் வண்டி சுகமாக இல்லை. அங்கே நீயும், உன் வேலையும், உன் மேலதிகாரியும், எந்நேரமும் உன் காதிலேயே குடியிருக்கும் அந்தக் கைப்பேசியும் சுகமாக இருக்க அன்றாடம் பிரார்த்தனை செய்கிறேன். நிற்க.

இந்த ‘நிற்க’வை எழுதினதுமே என் பேனாவும் நின்னுடுச்சு. கடிதத்துல நிற்கன்னு போட்டா அடுத்த வரி ஓட ஆரம்பிக்கும். உன் வண்டி நின்னது நின்னதுதான்.

இதையெல்லாம் போன்லயே சொல்லலாமேன்னு கேப்பே. போன்ல நான் ‘வண்டி’ன்னு வாயைத் திறந்தாலே, “சித்தி, சுருக்கமா சொல்லுங்க, மீட்டிங் இருக்கு”ங்கறே. சுருக்கமா சொல்ல நான் என்ன தந்தியா? கடிதத்துல நீ குறுக்கே பேச முடியாது, கட் பண்ணவும் முடியாது. அதோட இன்னொண்ணு. இங்க மாடி ரூம்ல இருந்தவரைக்கும் வாசப்படி தாண்டறப்பல்லாம் “வரேன் சித்தி”ன்னுதான் சொல்லிட்டுப் போவே. போன்ல யாரும் வரேன்னு சொல்றதில்ல. “வெச்சிடறேன்”ங்கறாங்க. நீயும் வெச்சிடறே. வெச்சதுக்கப்புறம் நான் கொஞ்ச நேரம் அதைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், சித்தப்பா வந்து “யாரு லைன்ல?”ன்னு கேக்கறவரைக்கும்.

வண்டிக்கு வரேன். நீ கிளம்பின அன்னிக்கு சாவியை என் கையில அமுக்கி, “வாரத்துக்கு ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைச்சிடுங்க சித்தி, அதுக்குள்ள வந்துடறேன்”னியா, நானும் அதை சாமி காரியமா எடுத்துக்கிட்டேன். எனக்கு ஓட்டத் தெரியாது, ஆனா உக்காரத் தெரியும். சீட்டை நீ உன் நெட்டைக் காலுக்குத் தகுந்தமாதிரி பின்னாடி தள்ளி வச்சிருந்தே. நான் இம்மிகூட நகர்த்தலை. நுனியில உக்காந்து, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடி வேண்டிக்கிட்டு சாவியைத் திருப்புவேன். முதல் தடவை கியர்ல இருந்தது தெரியாம திருப்பிட்டேன், வண்டி ஒரே குதி குதிச்சு, உன் சித்தப்பா துணி ஊற வச்சிருந்த பக்கெட் மேல ஏறிடுச்சு. அது இப்ப பக்கெட் இல்ல, தாம்பாளம். ஆனா ஸ்டார்ட் ஆனதும் நீ கடைசியா கேட்ட ரேடியோ ஸ்டேஷன் தானா பாடும் பாரு, அந்த வாயாடிப் பொண்ணு காலை வணக்கம் சொல்லும் பாரு, அப்ப எனக்கு என்னமோ நீ பின்சீட்டுல பை எடுக்கத் திரும்பியிருக்கே, இதோ இப்ப முன்னாடி திரும்பிடுவேங்கற மாதிரியே இருக்கும்.

இப்பிடி நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. ஒரு நாள் சாவியைத் திருப்பறேன், ‘டிக்’குங்குது. மறுபடி திருப்பறேன், ‘டிக்’. அத்தோட அதுவும் இல்ல. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். பானெட்டைத் தூக்கிப் பாத்தாரு, உதட்டைப் பிதுக்கினாரு, கடைக்குப் போய்ச் சொல்றேன்னு போயிட்டாரு. சாயங்காலம் போன் வந்துச்சு. எனக்குக் காது மந்தம்னு ஸ்பீக்கர்லதான் பேசுவேன்னு உனக்குத் தெரியுமே. வாசல் கேட்டுக்கிட்ட நின்னுதான் பேசினேன்.

“அம்மா, அது செத்துப்போச்சும்மா.”

“அய்யய்யோ! நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?”

“வயசாயிடுச்சுல்ல. இனி வச்சிருந்து பிரயோஜனம் இல்ல. எடுத்துட வேண்டியதுதான்.”

“எப்ப எடுப்பீங்க?”

“காலையில பத்து மணிக்குள்ள எடுத்துடலாம். ஆளுக்குச் சொல்லிட்டேன்.”

“சரிப்பா. அவரு உள்ள படுத்திருக்காரு, அலுங்காம எடுத்துடுங்க.”

நான் சொன்னது, சித்தப்பா தூக்கம் கெடாம பேட்டரியை எடுக்கச் சொல்லி. எதிர்வீட்டுத் தையல்காரம்மா கேட்டது வேற. மறுநாள் விடிஞ்சும் விடியாம வந்து என் கழுத்தைக் கட்டிக்கிட்டு ஒரே அழுகை. “எவ்வளவு நல்ல மனுஷன்! ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க நீங்க வந்தா வாசல்லயே நிப்பாரே, ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டாரே!” எனக்கு ஒண்ணும் புரியலை, ஆனா ஒருத்தி அழுதா நாமளும் அழறதுதானே மரியாதை, நானும் அழுதேன். ரெண்டுபேரும் அழற சத்தத்துல உன் சித்தப்பா பல்லுல பிரஷ்ஷோட வெளியே வந்து, “யாரு போயிட்டா?”ன்னாரு. தையல்காரம்மா போட்ட கூச்சல்ல தெருவே கூடிடுச்சு. அப்புறம் எல்லாருக்கும் பேட்டரியைத் தூக்கிக் காட்டவேண்டியதாப் போச்சு. இதுல கூத்து என்னன்னா, சித்தப்பா அன்னிக்கு முழுக்க கோவமா இருந்தாரு, மறுநாள் மெதுவா வந்து, “அந்தம்மா என்னைப் பத்தி வேற என்ன சொல்லிச்சு?”ன்னு கேக்கறாரு. இன்னிவரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு.

புது பேட்டரி போட்டாச்சு. சாவியைத் திருப்பினேன், ஜோரா ஸ்டார்ட் ஆச்சு. ஆனா ரேடியோ கொர்ருங்குது. கடிகாரம் பன்னெண்டுன்னு மின்னுது. “என்னப்பா, என் பொண்ணு வச்சிருந்த ஸ்டேஷன் எங்க?”ன்னேன். “பேட்டரியைக் கழட்டினா அதுக்கு எல்லாம் மறந்துடும்மா, நம்மதான் திரும்ப வைக்கணும்”ங்கறாரு. எந்த நம்பர்னு எனக்குத் தெரியுமா? உருட்டி உருட்டிப் பாக்கறேன், அந்த வாயாடிப் பொண்ணு கிடைக்கவே இல்ல. அதோட மெக்கானிக் தன் கால் இடிக்குதுன்னு சீட்டையும் முன்னாடி இழுத்துட்டாரு. நான் போட்ட சத்தத்துல அவரு கையில இருந்த ஸ்பேனர் கீழ விழுந்துடுச்சு. “சீட்டுதானேம்மா!”ங்கறாரு. அவருக்குச் சீட்டு. உன் கால் எவ்வளவு தூரம்னு நான் எதை வச்சு இனிமே அளக்கறது? குத்துமதிப்பாப் பின்னாடி தள்ளி வச்சிருக்கேன். நீ வந்து உக்காந்தாத்தான் சரியான்னு தெரியும்.

பத்து நாள்கூட ஆகலை, புது பேட்டரியும் மூச்சை விட்டுடுச்சு. “பக்கத்துல இருக்கிற வண்டியில இருந்து கரண்டு கடன் வாங்கலாம்மா”ன்னு மெக்கானிக் உன் சித்தப்பாவோட பழைய வண்டியை இழுத்துவந்து, சிவப்பு வயரு கறுப்பு வயருன்னு மாட்டினாரு. அந்த வண்டியும் கண் டாக்டர்கிட்ட போறதுக்கு மட்டுந்தானே வெளிய வரும், அதுக்கே சத்து இல்ல. உன்னுது ரெண்டு இருமு இருமிச்சு, அதுவும் அணைஞ்சு, கடன் குடுத்ததும் சேந்து அணைஞ்சுது. இப்ப போர்டிகோவுல ரெண்டு வண்டி, ரெண்டும் கும்பிடறதுக்குத்தான் ஆகும். கண் டாக்டர்கிட்ட பஸ்ல போனோம்.

எதுக்குப் போனோம்னா, சித்தப்பாவுக்குச் சாயங்காலம் ஆனா உன் வண்டிக்குள்ள மஞ்சளா ஒரு வெளிச்சம் தெரியுதாம். “ஆபரேஷன் பண்ண கண்ணுல ஏதோ கோளாறு”ன்னு பயந்துட்டாரு. டாக்டர் உள்ளே வெளிச்சம் அடிச்சுப் பாத்துட்டு கண்ணாடியை மாத்தினாரு, சொட்டு மருந்தை மாத்தினாரு. இன்னும் தெரியுதாம். நான் அவர்கிட்ட சொல்லலை மூக்கி, உன்கிட்ட சொல்றேன், எனக்கும் தெரியுது. நீ வேலைவிட்டு வந்ததும் உடனே இறங்க மாட்டே, வண்டிக்குள்ள விளக்கைப் போட்டுக்கிட்டு மீதிப் போனைப் பேசி முடிப்பே. நான் அடுப்படி ஜன்னல்ல அந்த வெளிச்சத்தைப் பாத்ததும் டீக்குத் தண்ணி வைப்பேன். நீ கதவைச் சாத்தற சத்தம் கேக்கறப்ப தண்ணி கொதிக்கும். இப்பவும் ஜன்னல்ல பாத்தா வெளிச்சம் இருக்கற மாதிரியே இருக்கு. கை தன்னால மூணு டம்ளரை எடுக்குது. நினைப்பு அதிகமானா கண்ணு கூட ஒத்து ஊதும்போலன்னு விட்டுட்டேன்.

கடையில வச்சு ஏத்திக் கொண்டுவந்து மாட்டினாலும் பேட்டரி மறுபடி மறுபடி இறங்கிடுது. மெக்கானிக் தலையைச் சொறிஞ்சாரு. “பேட்டரி மேல குத்தம் இல்லம்மா. வண்டிக்குள்ள ஏதோ ஒண்ணு உக்காந்து கரண்டைத் தின்னுது.” எலின்னாரு. எலி வயரைத் தின்னும், கரண்டையுமா தின்னும்? நான் கண்ணேறுன்னேன். சித்தப்பா, “வித்துடலாம்”னாரு. நான் அவரை ஒரு பார்வை பாத்தேன், “என்னுதைச் சொன்னேன்”னுட்டு உள்ள போயிட்டாரு.

இந்த நேரத்துலதான் நீ போன்ல அந்தச் சார்ஜர் விஷயத்தைச் சொன்னே. “ஒரு சார்ஜர் வாங்கி மாட்டிடுங்க சித்தி, அப்புறம் நான் எப்ப வந்தாலும் கவலையில்ல.” நீ சாதாரணமாச் சொல்லிட்டு வெச்சிட்டே. எனக்கு அந்த ‘எப்ப வந்தாலும்’ல கால் தடுக்கிடுச்சு. முதல்ல ‘வந்துடறேன்’னே. அப்புறம் ‘சீக்கிரம் வரேன்’னே. அப்புறம் ‘லீவு கிடைச்சா வரேன்’னே, கிடைச்ச லீவும் ரெண்டு தடவை வேற எதுக்கோ போச்சு. இப்ப ‘எப்ப வந்தாலும்’. இது வர்றவங்க பேசற பேச்சா?

இருந்தாலும் நீ சொன்னியேன்னு கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்லவிதமாத்தான் எடுத்துச் சொன்னாரு. சின்னப் பெட்டிதான், நம்ம சாமி புஸ்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. வீட்டுக் கரண்டுல ஒரு முனை, பேட்டரியில ரெண்டு கொக்கி. இறங்கினா சிவப்பு எரியும், நிறைஞ்சா பச்சை எரியும், ரொம்பினா தானே நிறுத்திக்கும். “யாரும் தொடலைன்னாலும் வருஷக்கணக்கா உயிரோட வச்சிருக்கும்மா. மாட்டிட்டு மறந்துடலாம்”னாரு.

கையில எடுத்த பெட்டியைத் திரும்ப வச்சுட்டேன். மறக்கிறதுக்கு ஒரு மெஷினா?

“யாரும்மா வண்டி ஓட்டறது?”ன்னாரு. அக்கா பொண்ணுன்னேன். “அவங்க எப்ப வண்டியை எடுப்பாங்க? அதைப் பொறுத்துத்தான் சார்ஜர் வேணுமா வேண்டாமான்னு சொல்லமுடியும்”னாரு. செத்துப்போனதை எப்ப எடுப்பாங்கன்னு கேட்டாக்கூட பத்து மணின்னு ஒரு பதில் இருந்துச்சு. இதுக்கு நான் எந்த மணியைச் சொல்றது மூக்கி? குடையை மறந்து அங்கயே வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

வழியெல்லாம் யோசனை. வாங்கினா, ரேடியோவுக்கு மறக்காது, கடிகாரம் ஓடும், நீ வந்து சாவியைத் திருப்பினதும் உடனே கிளம்பலாம். வாங்கலைன்னா, ஏதோ நாளைக்கே நீ வரப்போறமாதிரி நான் தைரியமா இருக்கலாம். வாங்கிட்டா நீ வரமாட்டேங்கறதை நானே ஒத்துக்கிட்டு பில் போட்டு வாங்கினமாதிரி ஆயிடாது? அந்தப் பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டு, ‘எல்லாம் சரியா இருக்கு, யாரும் தேவையில்ல’ன்னு தினமும் என்னைப் பாத்துச் சொல்லிக்கிட்டே இருக்கும். எனக்கு அது தாங்காது. பேட்டரி இறங்கினா மெக்கானிக்கைக் கூப்பிடறேன், திட்டறேன், எலியைத் தேடறேன், உனக்குப் போன் பண்ண ஒரு சாக்கு இருக்கு. அதையும் பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டா நான் எதைச் சொல்லி உன்னைக் கூப்பிடறது?

அதனால முடிவா ஒண்ணு சொல்றேன். நீ ஒரு தேதி எழுது. எவ்வளவு தள்ளி இருந்தாலும் பரவாயில்ல, தேதின்னு ஒண்ணு இருந்தா போதும். தேதி இருந்தா சார்ஜர் வேண்டாம், அதுவரைக்கும் மெக்கானிக்கை வச்சு நான் ஓட்டிடுவேன். தேதி இல்லைன்னா ‘வாங்குங்க’ன்னு ஒரு வார்த்தை எழுது, சத்தமில்லாம வாங்கி மாட்டிடறேன். மறந்துட மட்டும் மாட்டேன், அதைக் குடையை எடுக்கப் போனப்ப கடைக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்.

சித்தப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். தையல்காரம்மாவும் விசாரித்தார், சித்தப்பா நலம் என்பதையும் எழுதச் சொன்னார். நீ தொட்ட காரியம் துலங்க, பசித்த நேரத்தில் சாப்பாடு கிடைக்க, போகிற வழியெல்லாம் அந்த ஆண்டவன் உனக்கு முன்னால் விளக்குப் பிடித்துக்கொண்டு நடக்க, மனதார வாழ்த்தும்,

உன் சித்தி.

பின்குறிப்பு: எழுத்து கோணலா இருக்கும், கோச்சுக்காதே. ஸ்டியரிங் மேல அட்டையை வச்சு எழுதறேன். ஆமா, உன் வண்டிக்குள்ள உக்காந்துதான். மெக்கானிக் பேட்டரியைக் கடையில வச்சு ஏத்தி, இன்னிக்குக் காலையிலதான் கொண்டுவந்து மாட்டிட்டுப் போனாரு. தினமும் சாயங்காலம் இங்க வந்துதான் சாமி புஸ்தகம் படிக்கறேன், உன்கிட்ட சொல்லலையோ? உன் சீட்டுல உக்காந்து வேண்டிக்கிட்டா நேரா உனக்கு வந்து சேரும்னு ஒரு இது. புஸ்தகத்துல எழுத்து பொடியா இருக்கறதால தலைக்கு மேல இருக்கிற சின்ன விளக்கைப் போட்டுக்குவேன். இப்பவும் மஞ்சளா எரியுது. சித்தப்பா டீ எங்கன்னு கத்தறாரு, இறங்கணும். கதவுல கை வச்சப்பத்தான் ஞாபகம் வருது மூக்கி, இந்த விளக்கை இத்தனை நாளா நான் போட்டிருக்கேனே தவிர, ஒரு நாள்கூட அணைச்சதில்ல.