எங்கள் ஊருக்குப் பெண்கள் வைத்த பெயர்

ராசப்பன்பாளையம்
(பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ராசப்பன்பாளையம்தான்),
யுவ வருஷம், ஆனி மாதம்.

சேலம் அஸ்தம்பட்டியில் சர்க்கார் குமாஸ்தாவாகப் பேரும் புகழுமாய் இருக்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை சுவாமிநாதனுக்கு, உன் அக்காள் புருஷன் ராசப்பன் ஆசீர்வாதம். உன் சம்சாரம் சாரதாமணிக்கும் குழந்தைகளுக்கும் அப்படியே. இங்கே நான், உன் அக்காள், மாடு கன்று எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு மேற்கொண்டு எழுதுவதுதான் முறை. மாடு கன்று சுகம். நான் சுகமாயில்லை. எனக்குச் சோறு இறங்கிச் சில நாளாகிறது. ஊரில் யாராவது போய்விட்டார்களோ என்று பதறாதே. ஊரே போய்விட்டது. அதாவது ஊர் இருக்கிறது, அதன் பெயர் போய்விட்டது. போக்கடித்தது யார் என்றால், உன் கூடப் பிறந்த அக்காள் முத்தாயம்மாள்!

உன் ஆபீசிலிருந்தோ அதற்கும் மேலாபீசிலிருந்தோ ஓர் உத்தரவு புறப்பட்டதாமே, ரோட்டோரம் இருக்கிற ஊருக்கெல்லாம் பலகை நட வேண்டும், எந்த ஊருக்கு எதனால் அந்தப் பெயர் வந்தது என்று விசாரித்து ஒரு புஸ்தகமும் போட வேண்டும் என்று. நல்ல உத்தரவுதான், நான் குறை சொல்லவில்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் ராமர் வந்து இளைப்பாறினார், பாண்டவர் வந்து சோறாக்கினார் என்று அளந்து விட்டிருக்கிறார்கள். நமக்கு அந்தப் புளுகெல்லாம் தேவையில்லை. காட்டை வெட்டி, கிணறு தோண்டி, முதல் குடிசை போட்டவர் என் முப்பாட்டனார் ராசப்பன். அவர் பெயரில் ஊர். அவர் வம்சத்தில் தலைப்பிள்ளைக்கு அந்தப் பெயரே வைப்பது வழக்கம், அப்படித்தான் எனக்கும் வந்தது. கேட்டால் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த உத்தியோகஸ்தர் வந்த அன்றைக்குப் பார்த்து நாங்கள் ஆண்பிள்ளைகள் எல்லாம் திருச்செங்கோட்டு மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தோம், பொடிசுகளும் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டன. ஊரில் இருந்தது வாக்கப்பட்டு வந்த பெண்டுகள் மட்டும். அவர் நேரே நம் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். நடந்ததை எதிர்வீட்டுச் செங்கோடன் பெண்சாதி நல்லம்மாள் சொல்லக் கேட்டேன், அதுவும் என்னவோ பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதுபோல் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள்.

“ஏம்மா, இது எந்த ஊரு?”

“எங்கூட்டுக்காரரு ஊருங்க” என்றாளாம் உன் அக்காள்.

“அது சரி, ஊரு பேரு?”

“எங்கூட்டுக்காரரு பேருதானுங்க.”

“அவரு பேரு என்ன?”

உன் அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாளாம். நல்லம்மாள் குறுக்கே வந்து, “ஏனுங்க சாமி, தாலி கட்டுனவிக பேரை ஆராச்சும் வாயால சொல்லுவாங்களா? அவிக ஆயுசு கொறஞ்சு போயிருமில்லீங்க?” என்று நியாயம் கேட்டிருக்கிறாள். “சரி, அவரு உம் புருஷன் இல்லையே, நீ சொல்லு” என்றால், “எம் மாமனாருக்கு அண்ணம் பேராச்சுங்களே!” என்று அவளும் பின்வாங்கிவிட்டாள். கூடியிருந்த அத்தனை பெண்டுகளும் அப்படித்தான், ஒருத்திக்கு மாமனார், ஒருத்திக்கு மச்சாண்டார், ஒருத்திக்குப் பெரிய மாமனார். அந்த மனிதர் வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார். ஒருத்தி இரக்கப்பட்டு ஜாடை சொன்னாளாம், “நாட்டை ஆளுறவருக்குத் தகப்பனாருங்க” என்று. “யாரு, கலெக்டர் துரைக்கா?” என்று அவர் நோட்டைக் கீழே போட்டுவிட்டார். கடைசியில் மோரைக் குடித்துவிட்டு, “உங்களுக்குள்ள பேசிக்கறப்ப இந்த ஊரை என்னம்மா சொல்லுவீங்க?” என்று கேட்டதற்கு, எல்லோரும் ஒரே குரலில், “வாக்கப்பட்ட ஊருங்க!”

எழுதிக்கொண்டு போய்விட்டார், மாப்பிள்ளை! எழுதிக்கொண்டே போய்விட்டார்!

இது ஒன்றும் தெரியாமல் நான் போன வாரம் ராசிபுரத்தில் நெய் போட்டுவிட்டு பஸ்ஸில் வருகிறேன். ராசப்பன்பாளையத்துக்கு ஒரு சீட்டு என்றேன். புதுக் கண்டக்டர், “அப்படி ஒரு ஊரே இந்த ரோட்டுல இல்லீங்களே” என்கிறான். எனக்கு வந்ததே கோபம்! என் பெயரே ராசப்பன்தானடா, என் ஊர் இல்லை என்று என்னிடமே சொல்கிறாயா என்று நான் எழுந்து நிற்க, பஸ்ஸும் நிற்க, அவன் வெளியே தலையை நீட்டிப் படித்துக் கூவினான், “வாக்கப்பட்டவூரெல்லாம் எறங்குங்க!” இறங்கியது நான் ஒருத்தன், இத்தனை பெரிய மீசையோடு. பஸ் பூராவும் சிரிப்பு. ஒரு கிழவி என்னைப் பார்த்து, “பாவம், எந்தக் காலத்துல வாக்கப்பட்டுதோ” என்றாள். கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து, மைல் கல் பக்கத்தில் ஜம்மென்று நிற்கிறது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது முதல் சந்தைக்குப் போக வழியில்லை. நெய்க்கடைக்காரர், “வாங்க, மாமியா கொடுமையெல்லாம் எப்படி இருக்குது?” என்கிறார். செங்கோடனை எவனோ, “சீரு செனத்தியெல்லாம் செஞ்சு அனுப்புனாங்களா?” என்று கேட்டிருக்கிறான், அவன் அங்கேயே மல்லுக்கு நின்று வேட்டி கிழிந்து வந்தான்.

உன் அக்காளைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் நம் ஊர் பெயரை ஒரு தரம்கூட வாயால் சொன்னதில்லையாம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்த்தால் உண்மைதான், ராசிபுரத்தைக்கூட ‘நெய்யூரு’ என்றுதான் சொல்லுவாள். பாதிப் பெயர் வந்துவிடுமாம். நல்லம்மாள் திருச்செங்கோட்டை ‘மலை’ என்பாள், செங்கோடன் அதில் உட்கார்ந்திருக்கிறானே! “ஒரே ஒரு தரம் சொல்லு பார்ப்போம்” என்றேன். “ஏனுங்க, நீங்க நல்லா இருக்கறது உங்களுக்கே பிடிக்கலீங்களா?” என்று கண் கலங்கிவிட்டாள். என் ஆயுசுக்காக மூடிய வாயை நானே திறக்கச் சொல்லுவேனா?

ஆகையால் மாப்பிள்ளை, இது உன்னால்தான் ஆக வேண்டும். புஸ்தகம் அச்சுக்குப் போவதற்குள் யார் கையையாவது காலையாவது பிடித்து அந்தப் பெயரை அடித்துவிடு. ஆண்பிள்ளைகள் மாரியம்மன் கோயிலில் கூடிப் பேசியபோது பலகையில் தார் பூசிவிடலாம் என்றார்கள். சர்க்கார் சொத்து, ஜெயில் என்று நான்தான் அடக்கி வைத்திருக்கிறேன். அச்சாகிவிட்டால் என் முப்பாட்டனார் காடு வெட்டியதே பொய்யாகிவிடும். என் பேரன் பேத்தி காலத்தில் ராசப்பன் என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு என்ன அடையாளம்? பலகையைப் பிடுங்கி எறியச் செய்தாயானால் தை மாதம் உனக்கு ஒரு டின் நெய் நிச்சயம்.

உனக்கும் சாரதாமணிக்கும் குழந்தைகளுக்கும் அர்த்தநாரீசுவரர் துணையிருந்து நோய் நொடியில்லாமல் காப்பாராக.

இப்படிக்கு, ஊர் இழந்த
ராசப்பன்.

பின்குறிப்பு: தபால்காரன் நேற்று வரவில்லை, வராததும் நல்லதாயிற்று. நேற்று விடிந்ததும் உன் அக்காள், “எங்கம்மாளப் பாத்துட்டுப் பொழுதோட வாரேனுங்க” என்றாள். யாரோ துணைக்குப் போகிறார்கள் என்று நானும் தலையாட்டிவிட்டேன். மத்தியானம் பார்த்தால் ஊரில் எல்லோரும் இருக்கிறார்கள், அவளைத் தவிர! தன்னந்தனியாகப் பஸ் ஏறியிருக்கிறாள்! ஐயோ சாமி என்று வண்டியைப் பூட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். சாயங்காலப் பஸ் வந்து நின்றது. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இறங்கினாள்.

“தனியாவா போயிட்டு வந்தே?”

“ஆமாங்க. திரும்பி வாரப்பக் கண்டக்டரு எங்கம்மா போகோணும்னு கேட்டாருங்க. ஊரைச் சொன்னேன், சீட்டுக் குடுத்துட்டாரு.”

“பஸ் உட்டு எத்தனை வருசமாச்சு, இத்தனை நாளா போகறதுக்கென்ன?”

“போறதுக்கு எங்கம்மா ஊரு இருந்துச்சுங்க. திரும்பி வாரதுக்கு என்னன்னு சொல்லிச் சீட்டு வாங்கறதுங்க?”

“அடுத்த ஊர் பேரைச் சொல்லி எறங்கி நடந்து வரலாமல்ல?”

“அது சின்ன மாமனாரு பேராச்சுங்களே!”

சிரிக்கத்தான் போனேன், மாப்பிள்ளை, சிரிப்பு வரவில்லை. உன் அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது நான் மைசூர்ப் பக்கம் மாடு பிடிக்கப் போயிருந்தேனே, நான் வந்து அழைத்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதே. பால் மாட்டை விட்டு வர மனமில்லாத மகள் என்று உங்கள் ஜனம் பேசியது, நானும் மாட்டுக்காகத்தான் இருந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அன்றைக்கெல்லாம் ரோட்டோரம் நின்று பஸ் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். நேற்றுத்தான் சொன்னாள். என்னால் வண்டியை ஓட்ட முடியவில்லை, அவள்தான் கயிற்றைப் பிடித்தாள்.

இன்று காலைப் பஸ்ஸில் நல்லம்மாளும் ஊர்ப் பெண்டுகளும் ஏறிப் போய்விட்டார்கள், ஆளுக்கு ஒரு தாய் வீடு. செங்கோடன் அடுப்பூதிக்கொண்டு என்னைத் திட்டுகிறான். அதனால் மேலே எழுதியதை யாரிடமும் காட்டாமல் கிழித்துப் போடு. புஸ்தகத்தில் அந்தப் பெயரே வரட்டும். பலகையில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. மழைக்கு அழியாத பெயிண்டாகப் பார்த்து இன்னொரு தரம் அடிக்கச் சொல்.