கோபத்தில் நிறுவிய தேற்றம்

கோபம் வந்தால் சிலர் தட்டை எறிவார்கள். நான் நிறுவல் எழுதுவேன். இரண்டில் தட்டெறிவதுதான் மானத்துக்குப் பாதுகாப்பு என்பதை, முப்பதாவது வயதில், யாழ்ப்பாணத்தில், அறுபது பேருக்கு முன்னால் கற்றேன்.

அப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளன். என் ஆய்வு ஃபஸி லொஜிக். ஒரு கூற்று உண்மை அல்லது பொய் என்று மட்டும் இல்லாமல், பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் எந்த அளவிலும் உண்மையாக இருக்கலாம் என்கிற தர்க்கம். (‘சோறு வெந்துவிட்டது’ என்பது 0.7 உண்மையாக இருக்கலாம். எங்கள் விடுதியில் தினமும் அப்படித்தான்.) இந்தத் தர்க்கத்தில் எப்போதும் முழு உண்மையாக இருக்கும் கூற்றுகள் அத்தனையையும் பத்தொன்பது விதிகளிலிருந்து நிறுவிவிடலாம் என்று ‘கண்டுபிடித்திருந்தேன்’. இரண்டு வருட உழைப்பு. நிரந்தர வேலையும் அதில்தான் தொங்கியது. அதை அறிவித்த கருத்தரங்குக்குப் பண்டத்தரிப்பிலிருந்து அப்பாவையும் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்தினேன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

“சேர், ‘எல்லாம்’, ‘சில’ எண்ட சொல்லுகள் வாற கூற்றுகளையும் சேர்த்தால், எந்த விதிகளாலையும் முழுக்க நிறுவ ஏலாதெண்டு எப்பவோ காட்டிப்போட்டினமே?”

எனக்கு உச்சிவரை ஏறியது.

“நீர் எந்த வருசம்?”

“மூண்டாம் வருசம், சேர்.”

“மூண்டாம் வருசத்திலையே உமக்கு இவ்வளவு வாயோ? இரும். உமக்கு விளங்கிற மாதிரிக் காட்டுறன்.”

கரும்பலகையில் எழுத வெண்கட்டியை எடுத்தேன், உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. அவள் சொன்னது அபத்தம் என்று காட்டுவதற்காக, என் விதிகள் சரியென எடுத்துக்கொண்டு வரிவரியாக இறங்கினேன். நாற்பது நிமிடம், கத்திக் கத்தி. கடைசி வரியில், என் விதிகள் சரியென்றால் ஒருபோதும் ஓடி முடியாத கணினி நிரல்கள் அத்தனையையும் ஓர் இயந்திரம் பட்டியலிட்டுவிடும் என்று வந்து நின்றது. அது நடக்கவே முடியாத காரியம். முடியாதென்று அதே மண்டபத்தில், அதே பிள்ளைகளுக்கு, நான்தான் படிப்பித்திருந்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. எங்கள் துறைப் பேராசிரியர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

“நல்ல நிறுவல். ஆனா தலைப்பை மாத்தவேணும்.”

(என் கட்டுரையை ஆறு மாதம் வாசிக்காமல் மேசையில் வைத்திருந்த பாவி!)

வீடு திரும்பும் பஸ் மானிப்பாய் தாண்டியதும் அப்பா கேட்டார்.

“தம்பி, அந்தப் பிள்ளை சொன்னது சரியோ?”

“ஓம்.”

“அப்ப ஏன் அவவை ஏசினனீ?”

“பிறகுதானே அப்பா எனக்குத் தெரிஞ்சது!”

“தெரிஞ்சாப் பிறகும் ஏன் மன்னிப்புக் கேக்கேல்லை?”

அடுத்த திங்கட்கிழமை கேட்டேன். “பரவாயில்லை சேர், நிறுவலைக் கொப்பியிலை எழுதிட்டன்” என்றாள். அதற்கும் கோபம் வந்தது. நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது.

இப்போதும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், அப்பா என் மனைவியைப் பார்த்துக் கையமர்த்துவார்.

“பொறு பிள்ளை, குறுக்கை கதையாதை. நீ சொன்னதுதான் சரியெண்டு அவன் இப்ப நிறுவப்போறான்.”