நேற்றைக்கு வாங்கியவர்

அரசு ஊழியர் அடிக்கடி பங்கு வாங்கி விற்றால் அது ஊக வணிகம், கூடாது என்கிறது நடத்தை விதி. ஒரு பங்குகூட வாங்குமுன், 'வருடத்துக்கு எத்தனை முறை என்றால் அடிக்கடி?' என்று எழுதிக் கேட்ட ஒரே ஜீவன் இந்தியாவிலேயே, நாங்கள் 'சராசரி' என்று பட்டப்பெயர் வைத்திருந்த ஆள்தான். மறுக்க ஆளில்லை.

சராசரி எங்கள் அரசு ரப்பர் தோட்ட அலுவலகத்தின் எடைக் குமாஸ்தா. அவர் கண் வைத்தது சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் இ.டி.எஃப். மீது; பங்கு போலவே விற்கப்படும் ஃபண்டு அது. அதன் விலை ஐம்பது நாள் சராசரியைத் தாண்டினால் வாங்கு, கீழே போனால் விற்றுவிடு, மனசு சொல்வதைக் கேட்காதே. இதுதான் அவருடைய விதி. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அருமனையில் ஒரு வீடு கட்டி மனைவி தங்கம்மையைக் குடிவைக்க அந்த விதியைத்தான் நம்பியிருந்தார்.

நம்புமுன் சோதிக்க வேண்டுமே. பழைய பத்திரிகைகளைக் கிலோக் கணக்கில் வாங்கி ஐந்து வருட விலைகளை நோட்டில் ஏற்றினார். ஒரு தாள் மட்டும் கடையிலிருந்து கருவாட்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. துரத்திப் போய் ஒரு வீட்டு வாசலில் நின்று கத்தினார்:

"ஏட்டி, கருவாட்ட நீயே தின்னு. காயிதத்த அடுப்புல போட்டிராத! அதுல ஒரு செவ்வாக்கெழம கெடக்கு!"

சோதனையில் எல்லா வருடமும் விதியே ஜெயித்தது. விண்ணப்பமும் நோட்டுகளும் கண்காணிப்பாளரான என்னிடம் வந்தன. கேள்வி கேட்காமல் கோப்பை மேலே அனுப்பினால் கண்காணிப்பாளர் எதற்கு? ஓரத்தில் எழுதினேன்: 'விலை தெரிவது பத்திரிகையில். பத்திரிகை வருவது மறுநாள் மத்தியான பஸ்ஸில். முந்தின நாள் விலைக்கே வாங்கியதாகக் கணக்கு எழுதியது எப்படி? விளக்கம் தேவை.'

அதைப் படித்த சராசரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"சாரே, சதிச்சிட்டீரே."

"பதில் எழுதும் ஓய்."

"என்னத்த எழுத? அஞ்சு வருசமும் நான் நேத்தைக்குப் போயில்லா வாங்கியிருக்கேன்!"

மறுநாள் விலையை வைத்து, தரகுக் கூலியும் கழித்து, மூன்று மாதம் மறுபடி கணக்குப் போட்டார். ஜெயித்த ஐந்து வருடங்களில் மூன்று தோற்றன. தங்கம்மை நேரே என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"நீரு ஒரு வரி எழுதினீரு. அவரு சோறே தின்னல. எனக்கு வீடு உண்டா இல்லியா, அதச் சொல்லும்."

விதிப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. சராசரியைக் கூப்பிட்டு, பணத்தை வங்கியில் வைப்பு நிதியாகப் போடச் சொன்னேன்.

"அதுல சோதிக்க ஒண்ணும் இல்லியே, சாரே!"

புலம்பிக்கொண்டேதான் போட்டார். விண்ணப்பத்தை மட்டும் திரும்பப் பெற மறுத்தார். கேட்டால் பதில் வர வேண்டுமாம். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். நான் ஓய்வு பெறும்வரை வருடந்தோறும் நினைவூட்டல் கடிதமும் எழுதினேன்.

பிறகு அவரும் ஓய்வு பெற்றார். அருமனையில் புது வீட்டுக்குப் பால்காய்ச்சு. பாயசம் பரிமாறும் நேரத்தில் தலைமை அலுவலகத்தின் பதிலோடு தபால்காரர் வந்தார். வருடத்துக்கு நான்கு முறைக்கு மேற்பட்டால் 'அடிக்கடி' என்று கருதலாமாம்.

"இனி வாங்கப் போறீரோ?" என்றார் தங்கம்மை, கையில் கரண்டியுடன்.

"எதுக்குட்டி? வீடுதான் உண்டும்லா" என்றவர், வந்திருந்த அத்தனை பேருக்கும் கடிதத்தை இரண்டு முறை உரக்க வாசித்தார். என் சர்வீசில் எனக்கு வந்த எந்த உத்தரவும் என்னை அத்தனை சந்தோஷப்படுத்தியதில்லை. அன்று 2013, ஆவணி ஒன்று.