வெளியே சொல்லும் மார்க்

"உள்ளதை அப்படியேவா சொன்னே?" துரைராசு மதியச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"கேட்டாங்க, சொன்னேம்ப்பா. ஐந்நூத்திப் பன்னெண்டு," என்றாள் மகள் சுடர்விழி.

தஞ்சாவூரில் ஒரு நர்சிங் கல்லூரி. அதை ஆரம்பித்தவர் இந்த ஊர்க்காரர் என்பதால் வருடத்துக்கு ஓர் உள்ளூர்ப் பெண்ணுக்கு ஃபீஸ் இல்லாமல் இடம். ப்ளஸ் டூ மார்க்தான் கணக்கு. ஆனால் விண்ணப்பத்தோடு அசல் டி.சி.யையும் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால், கும்பகோணத்தில் கிடைத்திருக்கும் பி.எஸ்சி. இடம் போய்விடும். சுடர்விழிக்கோ ஏழாம் வகுப்பிலிருந்தே நர்ஸ் ஆசை. நாளை கடைசி நாள்.

அதனால் காலையிலேயே போட்டிக்கு நிற்கும் மூன்று பேருக்கும் போன் போட்டிருந்தாள். கலைமகள் 498, ஜெயபாரதி 505, தங்கமணி 490.

"அப்ப நாந்தாம்ப்பா முதல்!"

"போடி இவளே. ஒரு மா நிலத்துல பத்து மூட்டை நெல்லு கண்டா, கண்ணு பட்டுடும்னு ஏழுன்னு சொல்ற ஊரு இது. ஏழைப் பத்தாக்கிப் பாரு."

சுடர்விழி போட்டுப் பார்த்தாள். கலைமகளுக்கு அறுநூற்றுக்கு எழுநூற்றுப் பதினொன்று வந்தது.

"கொஞ்சம் அதிகமாத்தான் போகுது," என்று துரைராசு ஒப்புக்கொண்டார்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா மலர்க்கொடி முறத்தை வைத்துவிட்டு வந்தாள். "எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரியா கூட்டுவீங்க? கலைமக வீட்டுக்கு இருபது போதும். ஜெயபாரதிக்கு முப்பது. தங்கமணி வீட்ல மாடு அஞ்சு லிட்டர் கறந்தா ரெண்டும்பாங்க. அதுக்கு அறுபது போடுடி."

முதலிடத்தில் இருந்த சுடர்விழி ஐந்தே நிமிடத்தில் கடைசிக்குப் போனாள்.

நேரிலேயே விசாரித்துவிடலாம் என்று துரைராசு சைக்கிளை எடுத்தார். வாய்க்கால் மதகடியில் தங்கமணியின் அப்பா இராஜாங்கம் அகப்பட்டார். திரும்பி வந்தபோது துரைராசுவின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"'ஏதோ பாஸ் பண்ணிருக்குங்க'ன்னுட்டார்."

"ஏதோன்னாரா? அப்ப இன்னும் இருபது கூட்டு!" என்றாள் மலர்க்கொடி.

சுடர்விழிக்கு அழுகையே வந்துவிட்டது. கணக்குப் போட்ட தாளைக் கசக்கி எறிந்தாள். "அவங்களுக்கு எவ்வளவு வேணும்னாலும் கூட்டிக்குங்க. நான் நர்ஸுக்குத்தான் படிக்கணும். டி.சி.யைக் கொடுத்துடலாம்ப்பா."

துரைராசு கசங்கிய தாளை எடுத்து நீவி, இன்னொரு தடவை பார்த்தார். ஆனால் மறுநாள் காலை, தஞ்சாவூர் பஸ்ஸுக்கு அவர்தான் முதலில் போய் நின்றார்.

கல்லூரி அலுவலகத்தில் கிளார்க் அன்சார் டி.சி.யை வாங்கி, ஃபைலில் கோத்து, ரசீது எழுதிக் கொடுத்தார். இனி பி.எஸ்சி. இல்லை. சுடர்விழி ரசீதை நாலாக மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க ஊர்லேருந்து எத்தனை பேரு சார் கொடுத்திருக்காங்க?"

அன்சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"மூணு பேரு கொடுத்திருந்தாங்கம்மா. நேத்து சாயங்காலம் ஒண்ணா வந்து திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. 'துரைராசு வீட்ல வெளியில சொல்றதே ஐந்நூத்திப் பன்னெண்டுன்னா, உள்ள எவ்வளவு வச்சிருப்பாங்களோ'ன்னு."