முதலாளியை ராக்கெட்டில் ஏற்றிய கதை

வாத்தியார் வேலையில் இருப்பவர்கள் வெளியே சொல்லாத உண்மை ஒன்று உண்டு. மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு எங்களுக்குப் பதில் தெரியாது. மீதிப் பாதிக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கேள்விகளை எழுதிக் கொடுத்ததே நாங்கள்தான். நான் இத்தனை வருடமாகப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதில் முதல் எட்டு மாதத்தைப் பற்றியது. (அது ஏன் ஒன்பது மாதமாகவில்லை என்பதும் இதிலேயே வந்துவிடும்.)

தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டுப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். டெம்பரரி. சத்தியமங்கலத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும், எம்.ஃபில். முடித்த திமிரோடும் வந்து இறங்கியிருந்தேன். சார்பியல் தத்துவம் எனக்குத் தாய்மாமன் முறை என்பதுபோல் ஸ்டாஃப் ரூமில் நடந்துகொள்வேன். டீ ஆறிப்போனால்கூட அதற்குப் பிரபஞ்ச அளவில் ஒரு காரணம் சொல்வேன். சக ஆசிரியர்கள் எனக்கு முன்னால் சீக்கிரம் டீ குடித்துவிட்டுக் கிளம்பியது ஏன் என்று இப்போது புரிகிறது.

அந்தச் சமயத்தில் கோபியில் எனக்குப் பெண் பார்த்து, எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பெண்ணின் அப்பா மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டார்: "மாப்ளே, வேலை நிரந்தரம்னு ஒரு காயிதம் மட்டும் வந்துபோடட்டுமுங்க. மறு நாளே நிச்சயத்த வெச்சுக்கலாம்." ஆக, என் கல்யாணம் ஒரு காகிதத்தில் இருந்தது.

அந்தக் காகிதத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரியை நடத்திய அறக்கட்டளையின் சொந்தக்காரர்களான இரட்டைச் சகோதரர்கள். வீட்டில் தெலுங்கு, வெளியே கொங்குத் தமிழ். ஒருவர் குடும்பத்து நூல் மில்லைப் பார்த்துக்கொண்டார், அவர் மில் ஐயா. இன்னொருவர் கல்லூரியைப் பார்த்துக்கொண்டார், அவர் காலேஜ் ஐயா. வேறு எந்த இடமாக இருந்தாலும் பெரிய முதலாளி, சின்ன முதலாளி என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். இங்கே கேட் வாட்ச்மேன் முதல் பிரின்சிபால் வரை ஒருவர் வாயிலும் 'பெரிய', 'சின்ன' என்ற சொற்கள் வராது. எட்டு மாதமாக இதைக் கவனிக்காத ஆள்தான் அண்டவெளியின் ரகசியங்களை ஊருக்கு விளக்கக் கிளம்பினேன்.

கிளப்பிவிட்டவர் எங்கள் துறைத் தலைவர். கல்லூரியின் அறிவியல் மன்றத் தொடக்க விழாவில், நவீன இயற்பியலைப் பற்றித் தமிழில் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றார்.

"ரெண்டு ஐயாமாரும் வாராங்க தம்பி. நல்லாப் பேசிப்போட்டீங்கன்னா, உங்க காயிதத்த அன்னிக்குச் சாயங்காலமே நான் மேசைல வெச்சுப்போடறேன். பேசி முடிச்சு அரை மணி நேரம் பசங்க கேள்வி கேக்கோணும். அந்தக் கேள்வியெல்லாம் நீங்களே எழுதிக் குடுத்துப்போடுங்க."

"பசங்களே கேட்கட்டுமேங்க சார்" என்றேன் பெருந்தன்மையாக.

"அதெல்லாம் வேண்டாமுங்க. அவனுகளாக் கேட்டா வம்பு."

எங்கள் பக்கத்து விழாக்களில் இது நெடுநாள் வழக்கம். கேள்வி நேரம் என்றால் பேச்சாளரே கேள்விகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதுவார். நன்றாக வாசிக்கத் தெரிந்த பையன்களிடம் அவை போய்ச் சேரும். பேச்சாளர் அவற்றை முதல்முறை கேட்பவர்போலக் கண்ணை மூடி யோசித்துவிட்டுப் பதில் சொல்வார். நானும் ஆறு சீட்டு எழுதினேன். ஒன்றில், 'ஐயா, தாங்கள் இவ்வளவு எளிமையாக விளக்கியும் எனக்கு ஒரு சிறு ஐயம்' என்றுகூட எழுதியிருந்தேன். (என்னைப் பாராட்ட நானே ஆள் வைத்துக்கொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.)

பேச்சுக்கு ஆதாரம் நூலகத்திலிருந்து எடுத்த ஓர் ஆங்கிலப் புத்தகம். அதில் பாதிதான் படித்திருந்தேன். அதற்குள் தவணை முடிந்து நூலகர் திரும்பக் கேட்டுவிட்டார். படித்த பாதியில் இரட்டையர் கதை ஒன்று இருந்தது. ஒருவன் பூமியில் இருக்கிறான். மற்றவன் ஒளிக்கு நெருக்கமான வேகத்தில் ராக்கெட்டில் போய்விட்டு வருகிறான். திரும்பி வந்து பார்த்தால், போனவன் இளைஞனாகவே இருக்கிறான், இருந்தவன் கிழவனாகிவிட்டான். வேகமாகப் போனால் காலம் மெதுவாக ஓடும் என்பதற்கு இது உதாரணம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. முன்வரிசையில் அசல் இரட்டையர் உட்கார்ந்திருக்கும்போது கற்பனை இரட்டையர் எதற்கு? இதைத் துறைத் தலைவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவரே பேசிப் பெயர் வாங்கிவிடுவார் என்று பயம்.

விழா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் இரண்டு ஐயாக்களும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டையில், நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு அமர்ந்திருந்தார்கள். அந்தக் காலி நாற்காலியையும் நான் கவனிக்கவில்லை. இருபது நிமிடம் ஒளி, வேகம், வேகம் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது என்றெல்லாம் பேசினேன். பையன்கள் கொட்டாவியை மரியாதையாகக் கையால் மறைத்தார்கள். அப்புறம் குரலை இறக்கி, புன்னகையோடு ஆரம்பித்தேன்.

"உதாரணத்துக்கு, நம் மூத்தவர் மில் ஐயா பூமியிலேயே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இளையவர் காலேஜ் ஐயா ராக்கெட்டில் ஏறுகிறார்."

மில் ஐயாவுக்குத் தலை கொஞ்சம் கூடுதலாக நரைத்திருந்தது. அவரை மூத்தவர் என்று சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆதாரம் அதுதான்.

அரங்கத்தில் கொட்டாவிகூட நின்றது. இரண்டாம் வரிசையில் துறைத் தலைவர் அடுப்புக்கு விசிறுவதுபோல் கையை ஆட்டினார். நன்றாகப் போகிறது, விடாதே என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் உற்சாகமானேன். காலேஜ் ஐயா ஐம்பத்திரண்டு வயதிலேயே திரும்பி வருகிறார், மில் ஐயாவுக்கு எண்பது ஆகிவிட்டது என்று சொல்லி, அந்த எண்பது வயது மில் ஐயா கைத்தடியோடு எப்படி நடப்பார் என்று மேடையில் நடந்தும் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

மில் ஐயா மட்டும் மலர்ந்த முகத்தோடு கேட்டார்: "ஏனுங்க தம்பி, அப்ப நாந்தான் பெரியவன்னு விஞ்ஞானமே சொல்லுதுங்களா?"

"சந்தேகமே இல்லைங்க ஐயா" என்றேன்.

காலேஜ் ஐயா எழுந்தார். "தம்பி, நான் எளையவன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

அந்தக் குடும்பத்தின் வழக்கு என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது, முந்நூறு பேரோடு சேர்ந்து. மில் ஐயா பத்து நிமிடம் முன்னால் பிறந்தவர். அதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் முதலில் பிறந்ததாலேயே அவர் மூத்தவர் ஆகிவிடுவாரா என்பதுதான் தகராறு.

"டவுன் பஸ்ல மொதல்ல ஏறுனவன் உள்ள போயிருவானுங்க. எறங்கறப்ப அவன் கடைசிலதான் எறங்குவான். நான் மொதல்ல ஏறுனவன். அதனாலதான் கடைசில எறங்குனேன்" என்றார் காலேஜ் ஐயா, அமைதியாக. அறக்கட்டளைத் தலைவர் நாற்காலியும், கோயில் தேரோட்டத்தில் முதல் மாலையும் இந்த ஒரு கேள்வியில்தான் பல வருடமாகச் சிக்கியிருந்தன.

மில் ஐயா அதற்குத் தெலுங்கில் பதில் சொன்னார். அரங்கத்தில் பாதிப் பேருக்குப் புரிந்தது. மீதிப் பாதிக்கு அவர்கள் மொழிபெயர்த்துச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் என் கல்யாணம் குறித்த காலத்தில் நடந்திருக்கும். நான் சமாதானம் செய்யப் போனேன். "சரிங்க ஐயா, மாற்றி வைத்துக்கொள்வோம். மில் ஐயா ராக்கெட்டில் போகட்டும். அவர் ஐம்பத்திரண்டாகவே திரும்பி வருவார். காலேஜ் ஐயாவுக்கு எண்பது."

"அப்ப நான் அவர இனித் தம்பின்னு கூப்புடலாமுங்களா?" என்றார் காலேஜ் ஐயா.

"விஞ்ஞானப்படி தாராளமாகக் கூப்பிடலாமுங்க."

ஐந்தே நிமிடத்தில் இருவரையும் அண்ணனாக்கி, இருவரையும் தம்பியாக்கி முடித்திருந்தேன். துறைத் தலைவர் மேடைக்கு ஓடிவந்து மைக்கைப் பிடுங்கி, கேள்வி நேரம் என்று அறிவித்தார். முதல் பையன் சீட்டைப் பார்த்து, "ஐயா, தாங்கள் இவ்வளவு எளிமையாக விளக்கியும்" என்று வாசித்தபோது பின்வரிசையில் யாரோ பலமாக இருமினார்கள். கண்ணை மூடி யோசித்துப் பதில் சொன்னேன். அடுத்த இரண்டு சீட்டுகளும் கரை சேர்ந்தன. எனக்கு மூச்சு வந்தது.

அப்போது சாந்தாமணி எழுந்தாள். கணிதம் இரண்டாம் ஆண்டு. சென்னிமலைக்காரப் பெண், அப்பா பெட்ஷீட் தறி ஓட்டுபவர். அவள் கையில் சீட்டு இல்லை.

"சார், ராக்கெட்ல இருக்கறவரு ஜன்னல் வழியாப் பாத்தா, பூமிதானுங்க தூரமாப் போவுது, பூமிதானுங்க திரும்பி வருது? வேகம் பாக்கறவரப் பொறுத்ததுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அப்ப அவரு கணக்குப்படி, பூமில இருக்கறவருக்குத்தானுங்க வயசு கம்மியா ஆகோணும்? ரெண்டு பேரும் அவங்கவங்க நியாயத்தச் சொல்லுவாங்க. யாரு சொல்றதுங்க சார் சரி?"

இதைவிட நல்ல கேள்வியை என் வாழ்க்கையில் நான் கேட்டதில்லை. இதைவிட மோசமான நேரத்தில் யாரும் எதையும் கேட்டதுமில்லை. பதில் அந்தப் புத்தகத்தின் பின்பாதியில் இருந்தது. புத்தகம் நூலகத்தில் இருந்தது.

இரண்டு ஐயாக்களும் ஒரே சமயத்தில் முன்னால் சாய்ந்தார்கள். "நல்ல கேள்வி கண்ணு" என்றார் மில் ஐயா. "சொல்லுங்க தம்பி, யாரு சொல்றது சரி?" என்றார் காலேஜ் ஐயா. குடும்பத்துப் பெரியவர்களும் வக்கீல்களும் தீர்க்க முடியாததை ஒரு டெம்பரரி விரிவுரையாளன் இப்போது தீர்க்கப்போகிறான் என்று இருவருமே நிஜமாகவே நம்பினார்கள்.

"அது உங்கள் சிலபஸில் வராதும்மா" என்றேன்.

"ராக்கெட்டும் சிலபஸ்ல இல்லீங்க சார்" என்றாள், துளி மரியாதைக் குறைவு இல்லாமல்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். 'தெரியல' என்று நான்கே எழுத்தில் முடித்திருக்கலாம். "இருவர் சொல்வதும் சரிதான்" என்றேன், ஞானி மாதிரி.

இயற்பியல்படி அது தப்பு. அந்த அரங்கத்தில் அது தப்பைவிடப் பெரிய குற்றம். எதிராளி சொல்வதும் சரி என்று இருவரிடமும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். இரண்டு ஐயாக்களும் எழுந்து, ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியேறினார்கள். தேசிய கீதம்கூடப் பாடவில்லை.

அன்று சாயங்காலமே காகிதம் வந்தது. வேறு காகிதம். கொடுக்கும்போது துறைத் தலைவர் தோளில் தட்டி, "ஐயாமாருங்க ரெண்டு பேரும் ஒத்துப்போயி ஒரே விசயத்துல கையெழுத்துப் போட்டது, எனக்குத் தெரிஞ்சு இதுதானுங்க தம்பி மொதத் தடவை. நாளையிலிருந்து நீங்க சிரமப்பட வேண்டாமுங்க" என்றார். யார் கையெழுத்து மேலே வருவது என்று பிரச்சினை வந்ததால் இரண்டு பிரதி தயாரித்திருந்தார்கள். என்னை இரண்டு முறை வேலையைவிட்டு அனுப்பினார்கள் என்றும் சொல்லலாம்.

மறுநாள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது சாந்தாமணி வந்தாள். ராத்திரி முழுக்க அழுதிருக்க வேண்டும், கண் வீங்கியிருந்தது. அவளால்தான் எனக்கு வேலை போனது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு நோட்டு.

"சார், அது ரெண்டு பேருக்கும் ஒண்ணில்லீங்க. ராக்கெட்ல போறவரு பாதில திரும்பறாருங்க. பஸ்ஸு வளையறப்ப உள்ள இருக்கறவங்கதானுங்க சாயறோம், ஸ்டாப்புல நிக்கறவங்க சாயறதில்லீங்க. திரும்புனது யாருன்னு அவங்களுக்கே தெரியுமுங்க. அதனால திரும்புனவருக்குத்தானுங்க வயசு கம்மி. சரிங்களா சார்?"

கோடு போட்டு, கணக்குப் போட்டு, நான்கு பக்கம் எழுதியிருந்தாள். எல்லாம் சரி. எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். வேலை போய்விட்டது, கோபி மாமனாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, என்னிடம் மிச்சமிருந்தது கொஞ்சம் கௌரவம் மட்டும்தான். அதைக் காப்பாற்றிக்கொள்ள, என் வாழ்நாளின் மிகக் கேவலமான வாக்கியத்தைச் சொன்னேன்.

"இது எனக்கு நேற்றே தெரியும் கண்ணு. உங்களில் ஒருத்தராவது தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் சொல்லாமல் விட்டேன்."

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நான் திருத்தவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'வெரி குட்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

எனக்கு ஈரோட்டில் ஒரு பாலிடெக்னிக்கில் வேலை கிடைக்க ஒரு வருடம் ஆயிற்று. கல்யாணமும் அதுவரை காத்திருந்தது. ("என்ற ஒரு வருசத்த அந்த ராக்கெட்டு தின்னுபோட்டுது" என்பார் என் மனைவி.) நடந்ததை அவரிடம் மட்டும் முழுதாகச் சொல்லியிருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் என் மகள் ப்ளஸ் ஒன் சேர்ந்தாள். முதல் வாரமே பள்ளியிலிருந்து ஓடிவந்தாள். "அப்பா, எங்க மேத்ஸ் மிஸ் உங்க ஸ்டூடண்ட்டாம்ப்பா. சாந்தாமணி மிஸ். ஒரு சார் வேலையே போனாலும் பரவாயில்லைன்னு, பதில் தெரிஞ்சும் சொல்லாம இருந்து என்னைக் கணக்குப் படிக்க வெச்சாருன்னு கிளாஸ்ல சொன்னாங்க. அது நீங்கதானாம்." காபி குடித்துக்கொண்டிருந்த என் மனைவிக்குப் புரையேறி, மூக்கு வழியாகக் காபி வந்தது.

பெற்றோர் கூட்டத்தில் சாந்தாமணியைப் பார்த்தேன். எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று கும்பிட்டாள். உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல சந்தர்ப்பம். "நல்லா இரு கண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு எது தெரியாவிட்டாலும் தப்பிக்க முடிவதில்லை. கேஸ் சிலிண்டர் எப்போது வரும், வண்டிச் சாவி எங்கே, மகளின் ஃபிசிக்ஸ் புத்தகத்தில் பன்னிரண்டாவது கணக்கு எப்படிப் போடுவது என்று எதைக் கேட்டு நான் விழித்தாலும், அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வரும்:

"அப்பாவுக்கு நேத்தே தெரியும் அம்மணி. நீயே கண்டுபுடிக்கட்டும்னு உட்டிருக்காரு."